வேலை தேடும் பிள்ளை வீட்டில் இருந்தால்

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து மூட்டை முடிச்சோடு செங்கத்துக்குத் திரும்பிய பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். அடுத்த வேலை கிடைக்கப் பதினாலு மாதம் ஆனது. அதற்குள் நான் கற்றுக்கொண்டவை:

1. சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைலுக்குள் துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றை வையுங்கள். பூச்சி அண்டாது.

2. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை அரிசி டிரம் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் கண்ணில் படும் இடம் அதுதான். பதிவில் கொடுத்த செல் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

3. பதிந்து ஐந்து ஆண்டாகியும் வேலை இல்லையென்றால், மூன்று ஆண்டு வரை அரசு உதவித்தொகை உண்டு. மாதம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டத்துக்கு 600. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 600 ரூபாயில் என்ன ஆகும் என்பவர்கள், மாதம் நாலு தடவை வேலை தேடித் திருவண்ணாமலைக்குப் போய்வந்து பார்க்கட்டும்.

4. பழைய பள்ளிப் புத்தகங்களைப் பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்க உதவும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 வாங்காதவரின் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ‘தமிழ்தானே’ என்று அலட்சியமாக விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

5. வெள்ளைச் சட்டைக் காலரின் உள்பக்கம் முகப்பவுடரைத் தடவி இஸ்திரி போடுங்கள். வியர்வை அழுக்கு ஏறாது.

6. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்குக் கட்டும் தயிர்சாதத்தில் பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். மதியம் பிரிக்கும்போது பதமாக உறைந்திருக்கும்.

7. திரும்பி வந்தவனிடம் வாசலிலேயே “என்னாச்சுப்பா?” வேண்டாம். முதலில் சோறு.

8. வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனிடம் எந்த ஊர், என்ன வேலை, முதலாளி யார் என்று மூன்றும் கேளுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் அனுப்பாதீர்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு இது வெறும் பேச்சில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தாரும் அதில் உண்டு. கூலி வேலை என்றுதான் வீட்டில் சொல்லிப் போனார்கள் என்று குடும்பத்தார் அழுதார்கள்.

வெளிநாடு என்றால் மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் வரியும்தான். ரசீது தர வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. எங்கள் உறவில் ஒருவர் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கொடுத்தார். கைக்கு வந்தது டூரிஸ்ட் விசா.

9. மாசி, பங்குனியில் மலைப்புளி இறங்கும்போது கொட்டை எடுக்காததாக வாங்குங்கள். விலை குறைவு. சும்மா இருக்கும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி, நாரை உருவி, கொட்டையைத் தனியே போட வேண்டும். கை ஓடினால் வாய் திறக்கும். என் மகன் இரண்டு கிலோ முடிந்த பிறகுதான், ஒரு கம்பெனியில் தன்னை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதைச் சொன்னான். நான் தலையை நிமிர்த்தவில்லை. சுத்தம் செய்த புளியை ஒருநாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்பு கலந்து ஜாடியில் அழுத்தி அடையுங்கள். அடுத்த பங்குனி வரை கெடாது.