முதலில் ஊகம், பிறகு கிளிக்!
கம்ப்யூட்டரில் அறிவியல், கணக்குப் பாடம் நடத்துவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பிள்ளைங்க படிப்புக்கு." இரண்டு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் கேம் விளையாடிக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் பழைய சினிமா பார்த்துக்கொண்டிருப்பார்கள். தவறு பிள்ளைகள் மீது இல்லை. கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் படிப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். வேலையே கம்ப்யூட்டரோடுதான். ஆனாலும் இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டது என் அக்காவிடமிருந்து. அவள் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

அக்காவின் படம் காட்டும் வகுப்பு

சென்ற ஆண்டு அக்கா லேப்டாப் வாங்கினாள். "தம்பி, இதுல பாடம் நடத்த ஏதாவது போட்டுக் குடுடா" என்றாள். நான் ஃபெட் என்ற சிமுலேஷன் தொகுப்பைக் காட்டிக் கொடுத்தேன். சிமுலேஷன் என்றால் உண்மையான சோதனையைப் போலவே திரையில் நடக்கும் பாவனைச் சோதனை. அவள் அதை வகுப்பில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினாள். பேட்டரி, ஒயர், பல்பு, ஒயருக்குள் ஓடும் எலக்ட்ரான்கள் என்று எல்லாம் கலர் கலராக. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு சின்னக் கேள்வி கேட்டாள். "ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருக்கிறோம். எது அதிகம் பிரகாசிக்கும்?" வகுப்பில் பெரும்பாலோர் எழுதிய பதில்: "முதல் பல்பு." காரணம் கேட்டதற்கு ஒரு பையன் எழுந்து சொன்னானாம்: "முதல் பல்பு கரண்ட்டைத் தின்னுடும் டீச்சர். மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்."

அன்று இரவு அக்கா போன் செய்தாள். "படம் காட்டினேன், பார்த்தாங்க, அவ்வளவுதான்டா" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "நான் படிச்சது விலங்கியல். கரண்ட் பாடம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் பையன் சொன்னது தப்புன்னு தெரியும். ஏன் தப்புன்னு எனக்கே சரியா சொல்ல வரலை."

"ஃபார்முலா போட்டா வந்துடும்க்கா" என்றேன். "ஃபார்முலா இல்லாம சொல்லு" என்றாள். சர்க்யூட் பேப்பரில் நல்ல மார்க் வாங்கிய எனக்கு அன்று சட்டென்று வார்த்தை வரவில்லை.

ஹார்வர்டிலும் இதே கதைதான்

இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தன் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போடுகிறார்கள், ஆனால் அதே விஷயத்தைப் பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்டார். 1991 முதல் அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும். அதன் பிறகு மறுபடியும் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட முறைகளால் பலன் உண்டா? கல்லூரி அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியானது. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களும் ஈடுபடும் வகுப்புகளில் அது 21.8 சதவீதம்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற இன்னும் எளிய முறை ஒன்று உண்டு. ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1992-ல் தங்கள் புத்தகத்தில் விளக்கிய முறை அது. மூன்றே படிகள்: ஊகி, பார், விளக்கு. சோதனை செய்வதற்கு முன்பே என்ன நடக்கும் என்று எழுதிவிட வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். ஊகித்ததும் பார்த்ததும் வேறுபட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அக்கா செய்த தவறு இப்போது புரிகிறதா? 'பார்' மட்டும் நடந்தது. ஊகமும் இல்லை, விளக்கமும் இல்லை. ஊகிக்காமல் பார்த்தால் சிமுலேஷனும் சினிமாதான்.

வாருங்கள், இரண்டு பாடங்களைச் செய்து பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

பாடம் 1: பல்பு கரண்ட்டைத் தின்னுமா?

ஃபெட் தொகுப்பைத் தொடங்கியவர் கார்ல் வீமன். 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். முழுக்க இலவசம்.

1. பிரவுசரைத் திறந்து, கூகுளில் பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து, பக்கத்தில் சிமுலேஷன்ஸ் என்று சேர்த்துத் தேடுங்கள். முதலில் வரும் கொலராடோ பல்கலைக்கழகத் தளத்தைத் திறங்கள்.

2. இயற்பியல் பிரிவில் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட்: டிசி' என்பதைக் கிளிக் செய்யுங்கள். நெட் அடிக்கடி போய்விடும் வீடு என்றால் அதே பக்கத்தில் உள்ள டவுன்லோட் பட்டனை அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு நெட் இல்லாமலும் பிரவுசரிலேயே ஓடும்.

3. இடது பக்கப் பெட்டியிலிருந்து ஒரு பேட்டரி, ஒரு பல்பு, சில ஒயர்களை மவுஸால் இழுத்து நடுவில் போடுங்கள். ஒயரின் முனையை பேட்டரி முனைக்கு அருகில் கொண்டுபோனால் தானாக ஒட்டிக்கொள்ளும். வளையம் முழுமையானதும் பல்பு எரியும்.

4. பேட்டரியைக் கிளிக் செய்தால் கீழே ஒரு ஸ்லைடர் வரும். அதில் 9 வோல்ட் வையுங்கள். அதேபோல் பல்பைக் கிளிக் செய்து 10 ஓம் வையுங்கள்.

5. இங்கே நிறுத்துங்கள். இரண்டாவது பல்பை அதே வளையத்தில் சேர்க்கப் போகிறோம். எது அதிகம் பிரகாசிக்கும்? முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் ஒன்றா? ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிலையும் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள். அப்பா அம்மாவும் எழுத வேண்டும்!

6. இப்போது இரண்டாவது பல்பையும் 10 ஓம் வைத்துச் சேருங்கள். இரண்டும் ஒரே அளவில், முன்பைவிட மங்கலாக எரியும். வலது பக்கத்தில் உள்ள அம்மீட்டரை எடுத்து வளையத்தின் எந்த இடத்தில் வைத்தாலும் 0.45 ஆம்பியர்தான் காட்டும். ஒரே பல்பு இருந்தபோது 0.9 ஆம்பியர் ஓடியது.

இனி விளக்கம். முதல் பல்புக்கு முன்னால் 0.45, இரண்டு பல்புக்கும் நடுவில் 0.45, கடைசியிலும் 0.45. அப்படியானால் பல்பு கரண்ட்டைத் தின்னவில்லை. சைக்கிள் செயினை நினைத்துப் பாருங்கள். பெடலுக்குப் பக்கத்தில் வேகமாகவும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மெதுவாகவும் செயின் ஓட முடியுமா? முழுச் செயினும் ஒரே வேகத்தில்தான் ஓடும். வளையத்தில் கரண்ட்டும் அப்படித்தான். பல்புகள் எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டுமே. தடை இரண்டு மடங்கானதால் முழு வளையத்திலும் கரண்ட் பாதியானது.

7. அடுத்த ஊகம்: ஒரு பல்பின் ஒயரைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்? எழுதிவிட்டுக் கழற்றுங்கள். இரண்டும் அணையும். கோயில் திருவிழாவில் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே அணைந்துவிடுகிறதே, அது இதுதான். வீட்டில் ஹால் லைட் போனால் கிச்சன் லைட் ஏன் அணைவதில்லை? இரண்டு பல்புகளையும் தனித்தனி ஒயரில் பேட்டரியோடு பக்க இணைப்பாக இணைத்துப் பாருங்கள், தெரியும்.

முடிந்தால் 1.5 வோல்ட் டார்ச் செல்லும் இரண்டு டார்ச் பல்பும் வாங்கி நிஜமாகவும் செய்யுங்கள். பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதலாவது லேசாக மங்கலாம். சிமுலேஷனில் மங்காது. "ஏன் வித்தியாசம்?" என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள். நிஜ செல்லுக்குள்ளேயே கொஞ்சம் தடை இருக்கிறது என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான் என்று அர்த்தம்! ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனைகளை வீட்டு பிளக் பாயின்ட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.

பாடம் 2: இழுத்தால் பரப்பு கூடுமா?

கணக்குக்கு ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தன் முதுகலைப் படிப்புக்காக உருவாக்கத் தொடங்கியது. இதையும் கூகுளில் தேடி, ஜியோமெட்ரி என்ற பகுதியைத் திறங்கள்.

1. லைன் கருவியை எடுத்து ஏ, பி என்ற இரண்டு புள்ளிகள் வழியாக ஒரு கோடு போடுங்கள்.

2. கோட்டுக்கு மேலே சி என்று ஒரு புள்ளி வையுங்கள். பாரலல் லைன் கருவியை எடுத்து, சி புள்ளியையும் கோட்டையும் கிளிக் செய்தால் இணைகோடு வரும். கருவி கண்ணில் படவில்லை என்றால் 'மோர்' என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

3. இணைகோட்டின் மேல் வேறு ஓர் இடத்தில் டி என்று ஒரு புள்ளி வையுங்கள். இது கோட்டை விட்டு வெளியே போகாது.

4. பாலிகன் கருவியால் ஏ, பி, டி, மறுபடியும் ஏ என்று கிளிக் செய்தால் முக்கோணம் தயார். ஏரியா கருவியால் அதன் உள்ளே கிளிக் செய்தால் பரப்பளவு தெரியும்.

5. நிறுத்துங்கள். டி புள்ளியை வலது பக்கம் வெகுதூரம் இழுத்தால் பரப்பளவு கூடுமா, குறையுமா? எழுதுங்கள்.

6. மூவ் கருவியை எடுத்து இழுங்கள். முக்கோணம் ஊசி போல நீளும். பரப்பளவு மட்டும் அப்படியே நிற்கும்.

ஏன்? அடிப்பக்கம் மாறவில்லை. இணைகோட்டின் மேலேயே நகர்வதால் உயரமும் மாறவில்லை. பரப்பளவு என்பது அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி. மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் எதைச் சொல்கிறது என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. சுற்றளவு என்ன ஆகும் என்று அடுத்து நீங்களே கேளுங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

- மவுஸ் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.
- எழுதாத ஊகம் கணக்கில் சேராது. "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.
- தவறான ஊகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு முறை சிரித்தால் அடுத்த முறை பிள்ளை எழுதாது.
- ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

ஆசிரியரும் மாணவராக வேண்டும்

மறுபடியும் அக்காவிடம் வருகிறேன். இந்தப் புதிய முறைகளைப் பற்றி அவளுக்கு முன்பே ஒரு நாள் பயிற்சி நடந்திருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசினாராம். செயல்வழிக் கற்றலைப் பற்றி ஒரு செயலும் செய்யாமல் ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தாள்!

வேறு வழி உண்டா? நம் நாட்டிலேயே உண்டு. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. அங்கே பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள், பிள்ளைகள் செய்யப்போகும் அதே சோதனைகளைத் தாங்களே செய்தார்கள், சண்டை போட்டு விவாதித்தார்கள். பிறகு மாதாந்திரக் கூட்டங்களில் வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள். மாணவர்கள் பரீட்சைக்குப் புத்தகத்தையே கொண்டுபோகலாம். ஏனென்றால் கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பவை அல்ல. பல மாவட்டங்களுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் அது காட்டிய பாடம் மறையவில்லை. ஆசிரியர் எப்படிக் கற்றாரோ அப்படித்தான் கற்பிப்பார்.

அதையே நாங்களும் சின்ன அளவில் செய்தோம். ஒரு மாதம் இரவு ஒன்பது மணிக்கு அக்கா லேப்டாப் முன், நான் போனில். நான் பதில் சொல்ல மாட்டேன், கேள்வி மட்டும்தான். அவள் ஊகிப்பாள், தவறுவாள், திட்டுவாள், மறுபடியும் இணைப்பாள். ஒரு நாள் "அடேய், செயின் மாதிரிடா!" என்று கத்தினாள். மேலே நான் சொன்ன சைக்கிள் செயின் உதாரணம் அவளுடையதுதான்.

பிறகு அதே வகுப்பில் அதே பாடத்தை மறுபடியும் நடத்தினாள். இந்த முறை புரொஜெக்டரைப் போடுவதற்கு முன் எல்லோரையும் எழுத வைத்தாள். "தின்னுடும்" என்ற அந்தப் பையன் தன் கட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வாதாடினானாம். அம்மீட்டர் மூன்று இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டியதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு அவனே எழுந்து கேட்டான்: "அப்ப பேட்டரி ஏன் டீச்சர் தீர்ந்துபோகுது?"

"நல்ல கேள்விடா. எனக்கும் யோசிக்கணும். நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்றாளாம் அக்கா. முன்பெல்லாம் அப்படிச் சொல்லப் பயப்படுவாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்ன? முதலில் நோட்டில் எழுதுங்கள்!