ஐந்து கிராம் இழுப்பைக் காட்டும் கோல்: இறால் தூண்டில் செய்து பார்ப்போமா?

பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், தெலுக் இந்தான் பக்கம், ஊடாங் காலா பிடிக்கப் படகில் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் கையில் இருக்கும் தூண்டில் கோல் நம் தோள் உயரம்தான் வரும். அடிப்பகுதி ஓரளவு விறைப்பாக இருக்கும். நுனியோ தென்னை ஈர்க்கைப்போல மெலிந்து, படகு அசையும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கட்டணம் செலுத்தி இறால் பிடிக்கும் குளங்களிலும் இதே மாதிரிக் கோல்தான்.

நுனி ஏன் அவ்வளவு மெல்லியது? காரணம் இறாலின் பழக்கத்தில் இருக்கிறது. மீனைப்போல அது இரையைக் கவ்விக்கொண்டு ஓடுவதில்லை. நீண்ட நீலக் கொடுக்கால் இரையை எடுக்கும், கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு நகரும், பிறகு நிதானமாக வாய்க்குக் கொண்டுபோகும். இந்த நேரத்தில் நரம்பு இழுபடுவதை உணர்ந்தால் இரையைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே நுனி இரண்டு வேலை செய்ய வேண்டும்: சில கிராம் இழுப்பையும் நம் கண்ணுக்குக் காட்ட வேண்டும், அதே சமயம் இறாலுக்கு எதிர்ப்புக் காட்டாமல் வளைந்துகொடுக்க வேண்டும்.

இந்த இறாலுக்கும் நம் மண்ணுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஆற்றில் வாழ்ந்தாலும், இதன் குஞ்சுகள் உப்பு கலந்த நீரில்தான் உயிர்பிழைக்கும். 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் ஆய்வு செய்த ஷாவ் வென் லிங் என்ற அறிவியலாளர் இதைக் கண்டறிந்த பிறகே பண்ணை வளர்ப்பு சாத்தியமானது. குளங்களில் நாம் பிடிக்கும் இறால்களுக்கு அந்த ஆய்வே அடிப்படை.

சரி, கோலுக்கு வருவோம். கடையில் வாங்கலாம், ஆனால் வீட்டிலேயே செய்தால் பாடநூலில் படித்த இயற்பியலும் வேதியியலும் கைக்குள் வந்து நிற்கும். நான் செய்த முதல் கோல் ஓர் இறால் குளத்தில், பலர் பார்க்க, இரண்டாக முறிந்தது. ஏன் முறிந்தது என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்கு இந்தப் பாடம் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விட்டம் பாதியானால் விறைப்பு என்ன ஆகும்?

உங்கள் நெகிழி அளவுகோலை மேசை விளிம்பில் நீட்டி வைத்து நுனியை அழுத்துங்கள். 10 செ.மீ. நீட்டியபோது வளைவதைவிட 20 செ.மீ. நீட்டியபோது மிக அதிகமாக வளையும். இரு மடங்கு அல்ல, அதே விசைக்கு எட்டு மடங்கு. வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது.

தடிமன் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமை. உருண்டையான கோலின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 16இல் ஒரு பங்காகிவிடும்.

கண்ணாடி இழைக் கம்பி ஒன்றை 30 செ.மீ. நீட்டிப் பிடித்து, நுனியில் 5 கிராம் எடையைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். கம்பியின் விட்டம் 4 மி.மீ. என்றால் நுனி 1 மி.மீ.கூடத் தாழாது. யார் கண்ணுக்கும் தெரியாது. 2 மி.மீ. என்றால் சுமார் 14 மி.மீ. தாழும். 1.6 மி.மீ. என்றால் ஏறக்குறைய 34 மி.மீ.! இறால் இரையைத் தொட்டதும் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இந்த ஓரிரு மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

ஆகவே நுனியைத் தேய்க்கும்போது கண் மதிப்பு போதாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள வெர்னியர் அளவி அல்லது மைக்ரோமீட்டர் வேண்டும். 1.6 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.7 மி.மீ. விட்டுவிட்டால் விறைப்பு 27 விழுக்காடு கூடிவிடும். 'பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே' என்று ஆய்வுக்கூடத்தில் நாம் அலட்சியமாகச் சொல்வது நினைவுக்கு வருகிறதா?

கண்ணாடி இழையா, கார்பனா?

கார்பன் இழை கண்ணாடி இழையைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு. அதனால் கார்பன்தான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நுனிக்கு அப்படியல்ல. முறியாமல் அதிகம் வளையக்கூடியது கண்ணாடி இழையே. இறால் கோலின் நுனிக்கு நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அடிப்பகுதிக்கு முறிந்துபோன பழைய கோலின் ஒரு துண்டு போதும். அது உள்ளீடற்ற குழாயாக இருக்கும்.

குழாய் ஏன்? வெளி விட்டம் 5 மி.மீ., உள் விட்டம் 3 மி.மீ. உள்ள குழாயை, 5 மி.மீ. திடக் கம்பியோடு ஒப்பிடுங்கள். எடை 64 விழுக்காடுதான். விறைப்போ 87 விழுக்காடு. நடுவில் இருக்கும் பொருள் வளைவைத் தடுப்பதில் பெரிதாக உதவுவதில்லை. மூங்கில் இந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டுவிட்டது.

நான் தவறிய இடம்

என் முதல் கோலில், மேலே சொன்ன அதே 5 மி.மீ. குழாயின் வாயில் 3 மி.மீ. திட நுனியைச் செருகி ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. இப்போது இரண்டின் விறைப்பையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஒரே பொருள் என்று கொண்டால், குழாய்க்கு 5இன் நான்காம் அடுக்கிலிருந்து 3இன் நான்காம் அடுக்கைக் கழிக்க வேண்டும்: 625 - 81 = 544. திடக் கம்பிக்கு வெறும் 81. அதாவது குழாய் முடியும் அந்த ஒரு விளிம்பில் விறைப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சடாரென்று விழுகிறது. கோல் அங்கே சீராக வளையாமல் கதவுக் கீல்போல மடிந்தது. முறிந்ததும் அதே விளிம்பில்தான்.

தீர்வு எளிது. குழாயை இன்னும் மெல்லிய, சுவர் குறைந்த பகுதியில் வெட்ட வேண்டும். வெளி விட்டம் 4, உள் விட்டம் 3 என்றால் 256 - 81 = 175. வித்தியாசம் இரண்டு மடங்கு சொச்சம்தான், கோல் தாங்கும். நுனியின் அடியைக் குறைந்தது 5 செ.மீ. உள்ளே செருகி எப்போக்சி பசையால் ஒட்டுங்கள். குழாயின் வாய் பிளந்துவிடாமல் இருக்க, அதன்மேல் 1 செ.மீ. அகலத்துக்கு நூல் சுற்றுங்கள்.

நுனியை 3 மி.மீ.இலிருந்து 1.6 மி.மீ. வரை சீராக மெலியச் செய்ய உப்புத்தாள் போதும். ஆனால் எச்சரிக்கை: கண்ணாடி இழைத் தூள் தோலை அரிக்கும், மூச்சில் போகக்கூடாது. நீர்த்தாங்கும் உப்புத்தாளை நனைத்து, ஈரத்திலேயே தேயுங்கள். முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். கடைசியில் நைசான தாளால் நீளவாக்கில் தேய்த்து முடியுங்கள். குறுக்குக் கீறல்கள்தான் விரிசல் தொடங்கும் இடம்.

வளையங்களை எங்கே கட்டுவது?

நரம்பு ஓடும் வளையங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று வழிகாட்டுவது. மற்றொன்று, சுமையைக் கோல் முழுக்கப் பகிர்ந்துகொடுப்பது. நரம்பில் 10 நியூட்டன் இழுவிசை இருக்கிறது, அது ஒரே வளையத்தில் 60 பாகை திரும்புகிறது என்றால், அந்த வளையம் கோலை 10 நியூட்டன் விசையால் அழுத்தும். அதே திருப்பத்தை நான்கு வளையங்கள் 15 பாகையாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் சுமார் 2.6 நியூட்டன்தான் அழுத்தும். ஆகவே அதிகம் வளையும் நுனிப்பக்கம் வளையங்கள் நெருக்கமாகவும், அடிப்பக்கம் தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும்.

அதற்காக நுனியில் வளையங்களைக் குவித்துவிடாதீர்கள். எடை கூடினால் அதிர்வு மந்தமாகும். அளவுகோலின் நுனியில் களிமண் உருண்டை ஒட்டி அதிரவிட்டுப் பாருங்கள், தெரியும். நுனிக்குச் சிறிய, ஒற்றைக் கால் வளையங்களே நல்லது. 1.35 மீட்டர் கோலுக்கு நுனி வளையத்தையும் சேர்த்து ஆறு அல்லது ஏழு போதும்.

ரீலைக் கோலுக்குக் கீழே பொருத்தினால் வளையங்களும் கீழே இருக்கும். இது நல்லது. வளையங்கள் மேலே இருந்தால், இழுபடும் நரம்பு கோலைத் திருகிக் கீழே வரப் பார்க்கும்; பென்சிலை முனையில் நிறுத்த முயல்வதுபோல அது நிலையற்ற சமநிலை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் தேவையில்லை. வளையங்களை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, 300 மி.லி. தண்ணீர் ஊற்றிய போத்தலில் கட்டித் தூக்குங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று நண்பரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். நரம்பு எந்த வளையத்தில் கூர்மையாகத் திரும்புகிறதோ, அதை நோக்கி அடுத்த வளையத்தை நகர்த்துங்கள். நான் இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவழிப்பேன். அது வீணல்ல.

முடிச்சு இல்லாத கட்டு

வளையத்தின் காலைக் கோலோடு பிடித்துவைப்பது மெல்லிய நைலான் நூல். அதில் எங்கும் முடிச்சு கிடையாது. தொடக்கத்தில் நூலின் முனைமேல் நூலையே குறுக்காகச் சுற்றி அமுக்கிவிட வேண்டும். முடிவுக்கு ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது, தனி நூலில் செய்த ஒரு கண்ணியைக் கோலோடு சேர்த்து வைத்து, அதன்மேல் மீதிச் சுற்றுகளைச் சுற்றுங்கள். பிறகு நூலை வெட்டி, முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியை இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும்.

பிடித்துவைப்பது உராய்வு. துறைமுகத்தில் பெரிய கப்பலின் கயிற்றை ஒரு தூணில் சில சுற்றுச் சுற்றி ஒரே ஆள் நிறுத்திவிடுவாரே, அதே தத்துவம். உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் தாங்குதிறன் மூன்றரை மடங்காகும். ஐந்து சுற்றில் 500 மடங்கைத் தாண்டும்.

கலவையில் அவசரம் வேண்டாம்

நூலை மூடிக் கடினமாக்குவது எப்போக்சி. பிசின் ஒரு போத்தல், கடினமாக்கி ஒரு போத்தல். கோல் பூச்சுக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் சம அளவில் கலக்க வேண்டியவை. போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று ஒருமுறை நானே நினைத்தேன். மூன்று வாரம் ஆகியும் கையில் ஒட்டியது. கடினமாக்கி வினையூக்கி அல்ல. பிசின் மூலக்கூறுகளோடு தானும் இணைந்து வலைபோலப் பின்னிக்கொள்ளும் பொருள். ஜோடி கிடைக்காமல் மிஞ்சியது மிஞ்சியபடியே பிசுபிசுத்துக் கிடக்கும். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளால் அளந்து, குமிழி எழாமல் மெதுவாகக் கலக்குங்கள்.

இந்த வினை வெப்பம் உமிழும். கலவையைக் கோப்பையிலேயே விட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி வினை வேகமெடுத்து, பூசுவதற்குள் கெட்டியாகும். அலுமினியத் தாளில் பரப்பிவையுங்கள், நேரம் கிடைக்கும். பூசியபின் கோலை ஒரே நிலையில் விட்டால் புவியீர்ப்பு பூச்சைக் கீழே இழுத்துத் தொங்கவைக்கும். முதல் மூன்று நான்கு மணி நேரம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அரைச்சுற்றுத் திருப்ப வேண்டும். மழை நாளில் பூச வேண்டாம். ஈரக் காற்றில் மேற்பரப்பு மங்கலாகிவிடும்.

எப்போக்சியைத் தோலில் படவிடாதீர்கள். அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும், வந்தபின் எளிதில் போகாது. நைட்ரைல் கையுறை அணிந்து, சன்னலைத் திறந்துவைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். அடிப்பகுதி கார்பனாக இருந்தால் இன்னொன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்கு அருகில் அந்தக் கோலை உயர்த்தக்கூடாது. இடி கேட்டால் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள்.

பூச்சு நன்றாக இறுகிய பிறகு, சிரிஞ்சால் 5 மி.லி. தண்ணீரை ஒரு சிறு நெகிழிப் பைக்குள் விட்டு நுனியில் தொங்கவிடுங்கள். அது 5 கிராம். நுனி எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கு ஒரே விட்டமுள்ள கம்பிக்கானது; உங்கள் நுனி அடியில் தடித்திருப்பதால் தாழ்வு வேறாக இருக்கும். பிறகு 10, 15, 20 கிராம் என்று கூட்டி ஒரு வரைபடம் வரையுங்கள். முதலில் கோடு நேராகப் போகும். வளைவு பெரிதானபின் நேர்கோட்டை விட்டு விலகும். குளத்துக்குப் போகும்போது மறக்காமல் ஒரு கைவலையும் எடுத்துச் செல்லுங்கள். இறால் கரைக்கு வந்ததும் கோலைச் செங்குத்தாக உயர்த்தித் தூக்கினால், முழுச் சுமையும் 1.6 மி.மீ. நுனியின் மேல்தான் விழும்.