ஆசிரியப் பயிற்சியும் வகுப்பறைக் கருவிகளும்

தேயிலைத் தோட்டத்தில் வாழும் நமக்குக் கருவியின் இயல்பைப் பிறர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தோட்டம் தோன்றிய காலந்தொட்டு நெடுங்காலம் நம் முன்னோர் விரலாலேயே கொழுந்து கிள்ளினர். பின்னர்க் கத்தரி வந்தது. அதன் பின் இருவர் இருபுறமும் பிடித்துச் செடியின் தலைமீது நகர்த்தும் வெட்டு இயந்திரம் வந்தது. விரல் கிள்ளும் அளவைக் காட்டிலும் பன்மடங்கு கொழுந்தை அது ஒரே நாளில் வெட்டித் தரும். ஆயினும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று அதன் அலகுக்குத் தெரியாது. பிடித்திருப்பவர் கை சற்றுத் தாழ்ந்தால் தண்டும் முற்றலும் சேர்ந்தே பைக்குள் விழும்; செடியும் தளர்ந்துபோகும். ஆகவே, புதிதாக வேலைக்கு வந்தவர் கையில் முதல் நாளே அதனைக் கொடுத்து எந்த மண்டோரும் தனியே அனுப்புவதில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறோமோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர் ஆசிரியர் கல்விக் கழகங்களில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பை மேற்கொள்கின்றனர். நாடு முழுவதும் 27 வளாகங்கள் உள்ளன. படிப்பின் இடையே அவர்கள் பள்ளிகளுக்கு வந்து உண்மையான வகுப்பில் நின்று கற்பித்துப் பழக வேண்டும். அவ்வாறு நம் பள்ளிக்கு வரும் இளைஞர்களையே பெற்றோர் ‘புது வாத்தியார்’ என்று அன்போடு அழைக்கின்றனர். நாம் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் கரும்பலகையில் கோடு கோணாமல் எழுதுவதற்கும் மணிலா அட்டையில் படம் வரைவதற்கும் மதிப்பெண் இருந்தது. இன்று வருபவர்களின் பையில் மடிக்கணினியும் கைப்பேசியும் இருக்கின்றன. அவை இருப்பது குற்றமன்று. அவற்றை எப்போது எடுப்பது, எப்போது பையிலேயே வைத்திருப்பது என்னும் பயிற்சிதான் போதவில்லை.

இக்குறை நேற்று முளைத்ததன்று. 1972ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 1999இல் 87 பள்ளிகள் விவேகப் பள்ளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கணினி வழிக் கற்பித்தல் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அப்போது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும் குறுந்தட்டுகளும் வந்து குவிந்தன. 2011க்குப் பின் இணைய வழிக் கற்றல் தளம் ஒன்று நாடெங்கும் அறிமுகமாயிற்று. அத்தளத்தை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் மிகக் குறைவாகவே பயன்படுத்தினர் என்பதை 2013ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வு அறிக்கையே எடுத்துரைத்தது. 2019இல் அது கைவிடப்பட்டு வேறொன்று வந்தது. 2020இல் டெலிமா என்னும் தளம் வந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டி முதலில் வந்தது. பயிற்சி பின்னர், அதுவும் ஓரிரு நாள் பட்டறையாக வந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தந்தார்கள். எந்தப் பாடத்திற்கு அது வேண்டாம் என்று சொல்லித்தந்தவர் அரியர்.

இதற்கு மாறான ஒரு முயற்சி இந்தியாவில் நடந்ததுண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளோடு நில்லாமல், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனிப் பயிற்சியும் அதே வானத்திலிருந்து இறங்கியது. ஏறத்தாழ 48,000 ஆசிரியர்கள் இரு சுற்றுகளாகப் பயிற்சி பெற்றனர். புதிய கருவி கிடைத்தவுடன் ஆசிரியரை முதலில் அதன்முன் அமர்த்தியவர்களின் அறிவை நாம் போற்றுகிறோம்.

இனி நம் மலைக்கு வருவோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் நம் லயங்களில் கண்டவற்றை எளிதில் மறத்தற்கில்லை. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், கைப்பேசியோ ஒன்று. அதையும் தந்தையார் விடியற்காலையில் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். மாலையில் அவர் திரும்பிய பின்னரே காலைப் பாடம் தொடங்கும். மேட்டில் ஏறினால் அலை கிடைக்கும், பள்ளத்தில் கிடைக்காது. சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி அமர்ந்த செய்தியை நாடே வியந்து பேசிய காலம் அது. நம் பிள்ளைகள் மரம் ஏறவில்லை. தேயிலைச் சரிவில் குடை பிடித்து நின்றார்கள். இறுதியில், அச்சிட்ட பயிற்சித் தாள்களை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்த வழியே நமக்குப் பெரிதும் பயன்பட்டது.

அந்நாளில் ஒரு பயிற்சி ஆசிரியை, “கேமராவைத் திறந்து வைத்தவர்களுக்கே வருகை பதிவு” என்று அறிவித்தார். கவனம் சிதறாமல் இருக்கவே அவர் அவ்வாறு செய்தார். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் நான்கு நாள் திறக்கவேயில்லை. காரணம் கேட்டு நாம் சென்றபோதுதான் தெரிந்தது: அவ்வீட்டில் அவள் அமரக்கூடிய ஒரே இடத்தின் பின்னால் நோயுற்ற பாட்டியார் படுத்திருந்தார். படிப்பில் அவளுக்கு ஆர்வம் குறையவில்லை. தன் வீட்டைப் பிறருக்குக் காட்ட விரும்பவில்லை. ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது என்பதை எந்தக் கையேடு அந்த ஆசிரியைக்குச் சொல்லியிருந்தது?

இதனினும் வருத்தமான நிகழ்ச்சி பள்ளி திறந்த பின் நேர்ந்தது. சொல்லத் தயங்கினோம், ஆயினும் சொல்லாவிடில் இக்கட்டுரை முழுமை பெறாது. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுத்தல் கணக்கில் திணறிக் கரும்பலகை முன் நின்று தலையைச் சொறிந்தான். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். பயிற்சி ஆசிரியர் அதனைக் கைப்பேசியில் படமெடுத்து, சிரிப்புக் குறியோடு தம் நண்பர்களின் புலனக் குழுவில் இட்டார். அவர் அப்பையன்மீது அன்பு கொண்டவரே. ஆனால் அப்படம் கைமாறிக் கைமாறி மறுநாள் காலை பெரட்டுக்கு வந்துவிட்டது. நம்முடையது சிறிய தோட்டம்; எந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று கேட்க வேண்டியதில்லை.

பையனின் தாயார் வேலை உடுப்போடே அலுவலகத்துக்கு வந்தார். “ஐயா, கணக்கு வராவிட்டால் அடியுங்கள், திட்டுங்கள், ஊர் சிரிக்கும்படி ஏன் செய்தீர்கள்?” என்றார். நம்மால் விடை கூற இயலவில்லை. ஏனெனில் பயிற்சி ஆசிரியர் வந்த நாளில் மணி அட்டவணையைக் கொடுத்தோம், உணவகத்தைக் காட்டினோம். பிள்ளைகளைப் படமெடுக்கலாகாது என்று ஒரு சொல்லும் கூறவில்லை. தவற்றில் பாதி நம்முடையது. அன்று மாலையே அவ்விளைஞரை அழைத்துக்கொண்டு லயத்திற்குச் சென்றோம். அவர் தாயாரிடம் மட்டுமன்றிப் பையனிடமும் மன்னிப்புக் கேட்டார். தம் கைப்பேசியிலிருந்த படத்தை அழித்தார்; பிறரிடம் சென்றதை யார் அழிப்பது? பையன் எட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2010இல் இயற்றப்பட்டது. அது வணிகத் தொடர்பான செயல்களுக்கு உரியது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே, வகுப்பறையில் ஒரு பிள்ளையின் முகத்துக்கும் பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் முதல் வேலி ஆசிரியரே. பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. புலனம், முகநூல், டிக்டாக் ஆகியவற்றில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்கவேண்டும் என்பது அவ்வந்நிறுவனங்களின் விதியே. நம் பள்ளியில் மூத்த பிள்ளைக்கு வயது 12. அங்ஙனமாயின் நம் பிள்ளைகளின் பெயரில் இத்தனை கணக்குகள் எவ்வாறு தோன்றின என்பதை வீட்டில் அமர்ந்து எண்ணிப்பாருங்கள்.

அண்மையில் வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. பயிற்சி ஆசிரியர் கட்டளையிட்ட மறுகணமே பாடத்திட்டமும் பயிற்சித் தாளும் அதிலிருந்து வந்து விழுகின்றன. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துச் சொல்லுமாறு அதனைப் பழக்கியிருக்கின்றனர். உண்மையா பொய்யா என்று ஆராய்ந்து எழுதுவது அதன் அடிப்படை இயல்பன்று. பொருத்தமாய்த் தோன்றுவதை எழுதுகிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அது படித்த தமிழ்ப் பக்கங்கள் மிகச் சில. எனவே தமிழில் தடுமாற்றம் மிகுதி. நம் பள்ளிக்கு வந்த ஒரு தாளில் லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் பயிற்சியிலேயே ‘வாழைப் பலம்’ என்றிருந்தது. தாளை அப்படியே படியெடுத்து வகுப்பில் கொடுத்துவிட்டார்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து பிழையைச் சுட்டினாள். அவளுக்கு நம் பாராட்டு உரியது. எனினும் சுட்டாமல் எழுதிக்கொண்ட மற்றவர்களை எண்ணுகையில் மனம் அமைதி கொள்ளவில்லை.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, தலைமையாசிரியர் கருவிகளுக்குப் பகைவர் என்று எவரும் எண்ணவேண்டா. நாம் கண்ட மிகச் சிறந்த பாடங்களுள் ஒன்று கைப்பேசியால் நடந்தது. வாய்விட்டு வாசிக்கக் கூசும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். ஒரு பயிற்சி ஆசிரியை அவளைத் திண்ணைப் பக்கம் தனியே அமர்த்தி, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார். தன் குரலைத் தானே கேட்டு அச்சிறுமி, “நான் ‘மழை’யை ‘மளை’ என்கிறேன், டீச்சர்” என்றாள். அதுவரை நாம் பலமுறை திருத்தியும் அவள் காதில் விழாதது அது. ஒரு மாதம் கழித்து அதே பத்தியை மீண்டும் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தார். பின்னர், அவள் கண்முன்னே இரண்டையும் அழித்துவிட்டார். “ஏன் அழித்தீர்கள், அம்மா? உங்கள் அறிக்கைக்கு உதவுமே” என்று வினவினோம். “அது அவளுடைய குரல், ஐயா” என்றார். அப்பண்பை அவருக்குக் கற்பித்தவர் யாரென்று நாம் கேட்டறியாதது நம் குறையே.

கருவியைக் கற்றவர்க்கும் அதனைப் பொறுப்போடு ஆளக் கற்றவர்க்கும் உள்ள இவ்வேறுபாட்டை உலக அளவிலும் உணரத் தொடங்கியுள்ளனர். யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி நடக்கிறது என்றே வினவியது. செயற்கை நுண்ணறிவைக் கையாள ஆசிரியர்க்குத் தேவையான திறன்களை வகுத்து 2024இல் அந்நிறுவனம் ஒரு வரைவும் வெளியிட்டது. நம் கல்வி அமைச்சும் 2023இல் மின்னியல் கல்விக் கொள்கையை அறிமுகப்படுத்தியது. நல்லவையே. ஆயினும் கொள்கை மலையேறி லயத்தின் வாசலுக்கு வருவது இந்த இளம் ஆசிரியர்களின் கால்களால்தான்.

பயிற்சி அளிப்போரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கற்பித்தலை மேற்பார்வையிட வரும்போது, கருவி பயன்பட்டதா என்று நோக்குவதைப்போல், கருவி வேண்டாமென்று துணிந்து விட்டுவிட்ட பாடத்தையும் மதிப்பிட்டுப் பார்க்கலாம். மின்சாரம் தடைப்பட்ட அன்றும் பாடம் நடத்தத் தெரிகிறதா என்று சோதிக்கலாம். பயிற்சித் தாளை இயந்திரம் எழுதியிருந்தால், அதில் எத்தனைப் பிழைகளைப் பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்தார் என்று கேட்கலாம்.

அடுத்த தவணையில் பயிற்சி ஆசிரியர் இருவர் நம் பள்ளிக்கு வரவிருக்கின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். முதல் நாள் அவர்கள் வகுப்பிற்குச் செல்லமாட்டார்கள். மாலையில் வேலை முடிந்து நீங்கள் வீடு திரும்பிய பின், பெயர்ப் பட்டியலோடு லயங்களுக்கு நடந்து வருவார்கள். எந்த வீட்டில் கைப்பேசி உண்டு, அது எந்நேரம் வீட்டில் இருக்கும், பிள்ளை எங்கே அமர்ந்து எழுதுகிறது என்பவற்றைக் கேட்டறிவார்கள். படமெடுக்கமாட்டார்கள், கைப்பேசிகளை அலுவலக மேசையில் வைத்துவிட்டே புறப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு குவளைத் தேநீர் கொடுத்து, கேட்டதற்கு விடை கூறி உதவுங்கள். கணினி அறையின் திறவுகோலை மறுநாள் காலையில் நாமே அவர்களிடம் ஒப்படைப்போம்.