தேக்காச் சந்தையில் ஓர் உயிரியல் பாடம்



உயிருள்ளவற்றை ஆராயும் அறிவியலுக்கு உயிரியல் என்று பெயர். பிறப்பன, உண்பன, மூச்சு விடுவன, வளர்வன, தம்மைப் போன்ற உயிரை ஈனுவன, இறுதியில் மடிவன யாவும் அதன் எல்லைக்குள் அடங்கும். மேனாட்டில் இவ்வறிவியலுக்குரிய தனிப்பெயர் 1802-ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது. ஆயினும் உயிர்களை உற்று நோக்கி வகைப்படுத்தும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவு உயிர்களாகவும், மனிதரை ஆறறிவு உயிராகவும் பிரித்துக் காட்டுகிறது.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தந்தையார் எழுந்து, “ஐயா, பால் வெட்டுகிறவன் பிள்ளைக்கு இந்தப் பாடமெல்லாம் எதற்கு?” என்று வினவினார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் நம் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றபோதுதான் தக்க விடை கிடைத்தது. அதனை ஈண்டுப் பாடமாகவே தருகின்றோம்.

சந்தையில் கண்டவை

நாம் முதலிற் சென்ற இடம் தேக்கா. அப்பெயரே ஒரு தாவரத்தால் அமைந்தது. ஹொக்கியன் சீன மொழியில் அதற்குச் ‘சிறு மூங்கில்களின் அடி’ என்பது பொருள். ரோச்சோர்க் கால்வாய் ஓரத்தில் முற்காலத்தில் மூங்கில் வளர்ந்திருந்ததாம். பக்கத்திலுள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நீரும் புல்லும் இருந்தமையால் அங்கு மாட்டு வாணிகம் செழித்தது. நீர், புல், மாடு, மாட்டை நம்பிய மனிதர் என ஓர் உயிர் மற்றொன்றைச் சார்ந்து நிற்பதை ஆராயும் பிரிவு சூழலியல் ஆகும்.

இன்றுள்ள சந்தைக் கட்டடம் 1982-இல் திறக்கப்பட்டது. காய்கறிக் கடையின் முன் மாணவர்களை நிறுத்தி, “வாழை மரமா, செடியா?” என்று கேட்டோம். “மரம்!” என்று அனைவரும் முழங்கினர். வாழைக்குக் கட்டை இல்லை. இலைகளின் அடியுறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி அமைந்ததே நாம் காணும் தண்டு. ஆதலின் அது மிகப் பெரிய செடியே. இவ்வாறு தாவரங்களை ஆராய்வது தாவரவியல். உயிர்களை இனம் பிரித்து, உலகம் முழுவதற்கும் பொதுவான பெயர் இடுவது வகைப்பாட்டியல். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலின் வழியே தாவரங்களுக்கு இருசொற் பெயர் இடும் முறை நிலைபெற்றது. அக்கடையில் கட்டுக்கட்டாக இருந்த முருங்கைக்கு அறிவியல் உலகில் ‘மொரிங்கா ஒலிஃபெரா’ என்று பெயர். ‘மொரிங்கா’ என்பது நம் ‘முருங்கை’ என்ற சொல்லின் திரிபே!

அடுத்து மீன் கடை. ஓர் அம்மையார் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “சிவப்பாக இருக்கிறது, போடுங்கள்” என்றார். செவுள் ஏன் சிவந்திருக்கிறது? நீரிற் கரைந்துள்ள உயிர்வளியை ஏற்பதற்காக அங்கு மெல்லிய தோலின்கீழ் இரத்தம் நிறைந்து ஓடுகிறது. மீன் இறந்து நேரம் செல்லச் செல்ல அந்நிறம் மங்கும். விலங்குகளை ஆராய்வது விலங்கியல். உறுப்பு எவ்வாறு அமைந்துள்ளது என்று காண்பது உடற்கூற்றியல். அது எவ்வாறு தொழிற்படுகிறது என்று காண்பது உடலியங்கியல். அவ்வம்மையார் இம்மூன்றையும் ஒரு நொடியில் பயன்படுத்திவிட்டார்.

பின்னர் இட்டிலி உண்டோம். மாவைப் புளிக்க வைத்தவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். பாலைத் தயிராக்குபவையும் அவையே. மங்கில் நெடுநேரம் கிடக்கும் கித்தாப் பால் தானே உறைவதற்கும், நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் ஒரு காரணமாகும். இவற்றை ஆராயும் பிரிவு நுண்ணுயிரியல்.

கொசுவும் உயிரியலும்

நுண்ணுயிர் நன்மையும் செய்யும், நோயும் தரும். முற்காலத் தோட்டங்களில் மலேரியாவால் மாண்ட நம் முன்னோர் பலர். அந்நோய்க் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அதன் பயனாக 1901 முதல் கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்தார். பூச்சியியல் என்னும் சிறு பிரிவு எத்தனை குடும்பங்களைக் காத்தது, பாருங்கள்!

இன்று சிங்கப்பூரில் டெங்கிக் காய்ச்சலே கவலை தருகிறது. அங்கு 2016 முதல், ‘வொல்பாக்கியா’ என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஆண் கொசுக்களைப் பறக்கவிடுகின்றனர். ஆண் கொசு கடிப்பதில்லை. அந்நுண்ணுயிர் இல்லாத பெண் கொசு அதனுடன் சேர்ந்து இடும் முட்டைகள் பொரிப்பதுமில்லை. கொசுவைக் கொண்டே கொசுவைக் குறைக்கும் வழி இது.

கித்தா மரத்தின் முன்

தேக்காவிலிருந்து நிலத்தடி இரயிலில் மூன்றாவது நிலையம் தாவரவியல் தோட்டம். 1859-இல் நிறுவப்பட்ட அத்தோட்டம் 2015-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நம் வாழ்வு அங்கிருந்தே தொடங்கியது என்றால் மிகையாகாது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 கித்தா விதைகளை இலண்டனுக்கு அனுப்பினார். அவற்றில் முளைத்த கன்றுகள் பல இலங்கைக்குச் சென்றன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

பிறந்த மண்ணான பிரேசிலில் இம்மரத்தை நெருக்கமாக நட்ட பெருந்தோட்டங்கள் செழிக்கவில்லை. அங்குள்ள ஒரு வகைப் பூஞ்சை இலைகளைக் கருக்கிப் பயிரை அழித்தது. அப்பூஞ்சை வராத காரணத்தால் இம்மண்ணில் மரம் தழைத்தது. இதுவும் சூழலியல் கற்பிக்கும் பாடமே.

அத்தோட்டத்தில் சிங்கப்பூரின் தேசிய மலரையும் கண்டோம். 1893-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஆர்க்கிட், இரு வேறு இனங்களின் கலப்பால் தோன்றியது. பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு வருவதை ஆராய்வது மரபியல். (தொல்காப்பிய மரபியல் வேறு, இம்மரபியல் வேறு.) துறவி மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு 1866-இல் வெளியிட்ட ஆய்வே இதன் அடித்தளம். தோட்ட மக்கள் நன்கறிந்த ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்னும் கித்தா வகையும், தேர்ந்த இரு மரங்களைக் கலந்து பெற்றதுதான். ஒட்டுக்கட்டிப் பெருக்கியதால் அவ்வகை மரங்கள் யாவும் ஒரே மரபு கொண்டவை.

இறுதியாக ஒரு கித்தா மரத்தின் முன் நின்றோம். 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்தாமல், பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவி முன்வந்து, பட்டையில் விரலை வைத்தாள்.

“ஐயா, உளி கட்டையைத் தொடக்கூடாது. கொஞ்சம் பட்டையை விட்டுவிட வேண்டும். தொட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும் என்று அம்மா சொல்லும்” என்றாள்.

அவள் கூறியது முற்றிலும் உண்மை. கட்டைக்கும் பட்டைக்கும் இடையில், புதிய பட்டையை உண்டாக்கும் மிக மெல்லிய வளர்படை ஒன்று இருக்கிறது. அதனைக் காயப்படுத்தாமல் ஒரு மில்லிமீட்டரளவு பட்டையையேனும் விட்டு வெட்ட வேண்டும் என்பதே ஆய்வாளர் காட்டும் நெறி. நூலில் நாம் படித்ததை அவள் தாயின் கை அறிந்திருந்தது.

“அம்மா ஏன் விடியுமுன் நிரைக்குப் போகிறார்?” என்று கேட்டோம். “பிரட்டு அப்போதுதானே ஐயா!” என்றாள். காரணம் அதற்கும் அப்பால் உள்ளது. இரவில் மரத்தின் பாற்குழாய்களில் நீர் நிறைந்து அழுத்தம் மிகும். அப்போது வெட்டினால் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்குவதால் அழுத்தம் குறைந்து ஓட்டம் தளரும். தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார் இருளில் எழுந்து, உறங்கும் பிள்ளையை விட்டுச் சென்றதற்கு மரத்தின் உடலியங்கியலே காரணம். அதைக் கேட்ட அம்மாணவி நெடுநேரம் மரத்தையே நோக்கி நின்றாள்.

அத்தந்தையார்க்கு நாம் இப்போது கூறும் விடை இதுதான்: ஐயா, தங்கள் கையில் உள்ளது பாதி உயிரியல். ஏன் என்று விளக்கும் மறுபாதியைத் தங்கள் பிள்ளை கற்கட்டும். இரண்டும் சேர்ந்தால் அவன் மருத்துவனாகவோ ஆய்வாளனாகவோ வரலாம். தோட்டத்திலேயே தொழில் செய்தாலும், ஏன் என்று அறிந்து செய்வான்.

வீட்டுப் பயிற்சி

1. உன் வீட்டைச் சுற்றியுள்ள பத்து உயிர்களின் பெயர்களை எழுதி, தாவரம், விலங்கு எனப் பிரித்திடுக.
2. வாரம் ஒருமுறை பெற்றோருடன் சேர்ந்து, வாளி, பூச்சாடித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டுக. கொசுப் புழுவைக் கண்டால் அது எவ்வாறு அசைகிறது என்று எழுதுக.
3. உன் தாய் தந்தையர் தம் தொழிலில் அறிந்த ஒரு செய்தியைக் கேட்டு எழுதி வருக. அதற்குரிய காரணத்தை வகுப்பில் சேர்ந்து தேடுவோம்.