குறி தப்புவது கையாலா, கண்ணாலா?

"பையன் இடக்கைக்காரன் டாக்டர். என்.சி.சி. ரைபிள்ல போல்ட் வலப்பக்கம். குறி தப்பிக்கிட்டே இருக்கு" என்றார் மயிலாப்பூர் அம்மா ஒருவர்.

கையைத் திட்டாதீர்கள், முதலில் கண்ணைப் பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு துவாரம் விட்டு, இரு கண்களையும் திறந்தே கபாலீஸ்வரர் கோபுரக் கலசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எதை மூடினால் கலசம் மறைகிறதோ, அதுதான் ஓங்கிய கண்.

இடக்கைக்காரர்கள் பலருக்கு வலக்கண்ணே ஓங்கியிருக்கும். அவர்கள் வலத்தோளில் வைத்துப் பழகினால் சிரமம் குறையும். இடக்கண் ஓங்கியவர்கள் இடத்தோளில் வைக்கலாம். போல்ட்டை இழுக்கத்தான் கூடுதல் பயிற்சி வேண்டும்.

ஒரு கண்ணை மூடியதும் எல்லாமே மங்கலாகத் தெரிகிறதா? அது ஓங்கிய கண் விஷயமல்ல. சித்த வைத்தியன் நானே சொல்றேன்: லேகியம் தேடாமல் கண் டாக்டரிடம் போங்க. சோம்பேறிக் கண்ணைச் சின்ன வயசிலேயே கவனித்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.