புதுத் துப்பாக்கி: முதல் தோட்டாவுக்கு முன்

புதிதாக வாங்கிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் உள்ளும் புறமும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கிடங்கிலும் வழிப்பயணத்திலும் துருப்பிடிக்காமலிருக்க ஆலையில் பூசிய காப்பு அது, சுடுவதற்கானது அல்ல. அப்படியே சுட்டால் கரியும் தூசியும் அதில் ஒட்டிப் பசையாகும், வெற்றுத் தோட்டா குழலின் அறையை விட்டு வர அடம்பிடிக்கும். பழைய எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் துளி எண்ணெய் இடுங்கள்.

தேவையானவை: துப்புரவுக் கம்பி, 12 போருக்கான வெண்கலப் பிரஷ், பருத்தித் துணித் துண்டுகள், துப்பாக்கிக்கான கரைப்பான், மெல்லிய துப்பாக்கி எண்ணெய், கொஞ்சம் கிரீஸ். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். மற்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாகும். இரண்டும் வேண்டாம்.

1. சன்னலைத் திறந்து வையுங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. துப்பாக்கியை மடக்கி, குழலின் இரு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் உறுதி செய்யுங்கள்.

2. கையேட்டில் சொன்னபடி முன்கட்டை, குழல், பின்கட்டை என்று பிரியுங்கள். அதற்கு மேல் திருகாணிகளைத் தொடாதீர்கள்; விசையமைப்பைத் திறப்பது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

3. கரைப்பானில் நனைத்த துணியை அறைப்பக்கமிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளுங்கள். சில நிமிடம் ஊறட்டும். பிரஷை அதே திசையில் நான்கைந்து முறை ஓட்டி, பிறகு உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக விடுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வந்தால் போதும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடியாய் மின்ன வேண்டும். நூலிழைகூட உள்ளே தங்கக் கூடாது.

4. குழல் வாயில் கழற்றும் வகை சோக் (வாயைக் குறுக்கும் குழாய்) இருந்தால் கழற்றி, மரைகளைத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி இறுக மாட்டுங்கள். சோக் இல்லாமல் சுட்டால் குழலின் மரை கெடும்.

5. தோட்டாத் தள்ளியிலும் அதன் இடுக்குகளிலும் உள்ள பசையைப் பழைய பல் பிரஷால் எடுங்கள். மடக்கும் கீலில் மெல்லிய கிரீஸ், தள்ளிக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

6. வெளி உலோகத்தை எண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். விரல் வியர்வையின் உப்பு ஒரே இரவில் துரு கிளப்பும். கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. மரக்கட்டையில் எண்ணெய் ஊறினால் மரம் மென்மையாகிவிடும், உடனே துடையுங்கள்.

7. பூட்டி, பலமுறை மடக்கித் திறந்து, பாதுகாப்புப் பித்தானைச் சோதியுங்கள். விசையை இழுத்துப் பார்க்க வேண்டுமென்றால் போலித் தோட்டா போட்டுத்தான்.

முதல் நாள் சுடும் முன் உலர்ந்த துணி ஒன்றைக் குழலில் விட்டு, மிச்ச எண்ணெயை எடுங்கள். குழலில் பொறித்த அறை நீளமும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட அளவும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். 20 போர் தோட்டா தவறிப் போய் விழுந்தால் குழலுக்குள் சறுக்கி அடைத்துக்கொள்ளும். அதன்பின் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் தருவதே இந்த விபத்தைத் தடுக்கத்தான். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

சுட்டு முடித்த அன்றே மீண்டும் துடையுங்கள். ஈரம் கோக்கும் தோலுறையில் வைக்காமல், பூட்டிய அலமாரியில் வையுங்கள். தோட்டாவுக்கு வேறு இடம், வேறு பூட்டு.