பால், வாளி, மங்கு: முதியோர்க்கு ஒரு முதற்பாடம்

சம்பள நாளன்று சீட்டைத் தலைகீழாகப் பிடித்தபடியே, "எல்லாம் சரிதானே ஐயா?" என்று கிராணியாரைக் கேட்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர் சரியென்றால் சரி. அவர்களுக்கு வேறு வழியில்லை.

சிம்பாங் அம்பாட் என்பதற்கு நாற்சந்தி என்று பொருள். அச்சந்தியைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தபோது கடிதம் படித்துக் காட்ட அண்டை வீட்டார் இருந்தனர். வெளியேறியவர்க்கு அத்துணையும் இல்லை.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு முதல் ஊரக வளர்ச்சி அமைச்சின் பொறுப்பில் முதியோர் கல்வி வளர்ந்தது. தேசிய மொழியில் எழுத்தறிவு தருவதே அவ்வகுப்புகளின் முதன்மை நோக்கம். தேசிய மொழி அனைவர்க்கும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த ஒருவர்க்குப் புதிய மொழியையும் புதிய எழுத்தையும் ஒரே வேளையில் புகட்டுவது, ஒரே தோளில் இரண்டு காண்டாக்களை ஏற்றுவது போன்றதாகும். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே நன்று என யுனெஸ்கோ நிறுவனமும் 1953இல் வெளியிட்ட அறிக்கையில் பரிந்துரைத்துள்ளது.

கற்ற எழுத்து உடனே பயன்பட வேண்டும், இன்றேல் மறந்துபோகும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் பரவிய அறிவொளி இயக்கம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. அங்கே பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். வகுப்பிற்கும் சந்தைக்கும் பிறர் துணையின்றிச் சென்றனர்.

நாம் எதில் தொடங்கலாம்? 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்தால், பகலெல்லாம் பால் வெட்டிக் களைத்தவர் மூன்றாம் நாள் வரமாட்டார். அவர் கையாளும் பொருள்களையே எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள், 'பால்'. பா, ல் என்று பிரித்துக் காட்டுக. காலை நீக்கினால் 'பல்'. புள்ளியையும் நீக்கினால் 'பல'. மறுநாள், 'வாளி'. அதிலுள்ள வா, முன்பு கற்ற ல் ஆகியவற்றைச் சேர்த்தால் 'வால்'. மூன்றாம் நாள், 'மங்கு'. ம என்னும் எழுத்து வந்தவுடன் பலம், பாலம், பாவம், மாமா, லாபம் ஆகிய யாவும் கைக்கு வந்துவிடும். இச்சொற்களை ஆசிரியர் சொல்லித் தருதல் வேண்டா; மாணவரே எழுத்துகளை மாற்றி வைத்துக் கண்டுபிடிக்கட்டும். ஐம்பது வயதானவர் 'லாபம்' என்று தாமே படித்துவிட்டுச் சிரிப்பதைக் கண்ட ஆசிரியர், மறுநாள் மழையிலும் வகுப்பிற்கு வருவார்!

சம்பளச் சீட்டு தமிழில் இராதே எனலாம். உண்மைதான். ஆனால் எண்கள் எம்மொழிக்கும் பொதுவானவை. எழுத்து பிடிபட்டவர்க்கு இரண்டு மலாய்ச் சொற்களின் வடிவை மனத்தில் இருத்துவது அரிதன்று: 'காஜி' என்பது சம்பளம், 'போத்தோங்கான்' என்பது பிடித்தம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, முதலாளி தம் விருப்பம்போல் எதையும் பிடித்தம் செய்துவிட இயலாது. ஆகவே, அவ்விரு சொற்களுக்கு நேரே உள்ள தொகைகளை மாதந்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருக. சென்ற மாதத்தைவிடப் பிடித்தம் கூடியிருப்பின், சீட்டையும் நோட்டையும் கிராணியாரிடம் காட்டிக் காரணம் கேட்கலாம்.